பதினாலாவது கேள்வி

கூட்டத்தில் இருந்தவர்கள்: பிரிவுத் தலைவரான பெரிய டாக்டர். சான்றிதழ் வாரியத்திலிருந்து வந்த தணிக்கைக்காரர். குறிப்பெடுக்க ஓர் எழுத்தர். அண்ணி. அண்ணியின் நாத்தனார். ஆறாவது ஆள் ஒருவர் கடைசியில் போன் வழியாக வந்து சேர்ந்தார்.

அவளை அந்த ஆஸ்பத்திரியே அண்ணி என்றுதான் கூப்பிடும். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் ஒரே வேலை, புற்றுநோய்ப் பதிவேடு. யாருக்கு எந்த உறுப்பில் கட்டி, என்ன வகை, எந்தத் தேதியில் கண்டுபிடித்தார்கள், ஆள் இன்னும் இருக்கிறாரா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று எழுதி வைக்கிற வேலை. பதினொரு வருஷம் முன்பு நாத்தனாரை அங்கே சேர்த்துவிட்டவளே அண்ணிதான்.

விதிகள் வருஷா வருஷம் மாறும். அதனால் பதிவாளர்கள் இரண்டு வருஷத்துக்கு இருபது மணி நேரம் கம்ப்யூட்டரில் வகுப்பு கேட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் பரீட்சை எழுத வேண்டும். மணிக்கணக்கு முடியாவிட்டால் சான்றிதழ் போய்விடும். சான்றிதழ் இல்லாதவர் பதிவேட்டு அறைக்குள் கால் வைக்கக்கூடாது.

வகுப்பு மாலை நாலு மணிக்கு. நாத்தனார் அந்நேரம் தன் வீட்டு மாடியில் தொடங்கியிருந்த அழகு நிலையத்தில் யாருக்காவது புருவம் திருத்திக்கொண்டிருப்பாள். நேரில் கேட்கக் கூசுகிற எதையும் அவள் அண்ணன் வழியாகக் கேட்பாள். அண்ணன் என்றால் அண்ணியின் புருஷன், பஸ் டிப்போ மெக்கானிக். காலையில் பல் தேய்த்தபடியே சொல்வார்: "பாவம், அவளால இன்னைக்கும் முடியாதாம். அவளோடதையும் சேத்துப் பாத்துடு."

அண்ணி சேர்த்துப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பெயர், இரண்டு பரீட்சை. பத்தொன்பது மணி நேரம் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு அந்தப் பதினாலாவது கேள்வி வந்தது. இரண்டு சினைப்பையிலும் ஒரே நாளில் ஒரே வகைக் கட்டி, எத்தனை பதிவு? அந்த வாரம் முழுக்க அவள் கையில் மார்பகக் கேஸ்கள். மார்பில் வலது தனி, இடது தனி, இரண்டு பதிவு. கை போன போக்கில் இதற்கும் இரண்டு என்று தட்டிவிட்டாள். காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம்.

தணிக்கைக்காரர் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"ஒரே தப்பு. காரணம் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. யாரு எழுதினது?"

அன்று காலை பஸ்ஸில்தான் பேசி வைத்திருந்தார்கள். "ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லிடலாம் அண்ணி. மிஞ்சிப் போனா ஆறு மாசம் சஸ்பெண்ட். சேந்து வீட்ல இருக்கலாம், நான் உங்களுக்கு ஃபேஷியல் பண்ணிவிடறேன்" என்று நாத்தனார் சிரித்தாள்.

"நான்தான் சார் எழுதினேன். ரெண்டும்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு நாத்தனாரின் முறைக்காகக் காத்திருந்தாள்.

நாத்தனார் தண்ணீர் குடித்தாள். தம்ளரை மெதுவாக வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, நான் வகுப்பே ஆரம்பிக்கல. என் பாஸ்வேர்டு அண்ணிக்குத் தெரியும். எல்லாரும் மணிக்கணக்கை முடிச்சாத்தான் அண்ணிக்குத் தலைமைப் பதிவாளர் போஸ்ட் கிடைக்கும். அதுக்காகப் பண்ணியிருப்பாங்க."

எழுத்தரின் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

அண்ணிக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. நாத்தனார் ஏதோ பயத்தில் உளறுகிறாள் என்றே நினைத்தாள். அதை அங்கேயே உடைத்துவிடலாம் என்றும் தோன்றியது. வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவளுக்கு என்ன தெரியும்?

"சார், இவ தானே படிச்சு எழுதற ஆளான்னு பாருங்க. ஏய், ரெண்டு சினைப்பையிலயும் ஒரே நாள், ஒரே வகை. ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணு" என்றாள் நாத்தனார். "ஜோடி உறுப்புன்னு ஏமாறக்கூடாது, வீடு ரெண்டு, குடித்தனம் ஒண்ணு. நான் எழுதியிருந்தா சரியா எழுதியிருப்பேனே சார்."

பெரிய டாக்டர் புன்னகைத்தே விட்டார்.

அண்ணி புன்னகைக்கவில்லை. வீடு ரெண்டு, குடித்தனம் ஒண்ணு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி அது. தப்பு தெரிந்த மறுநாள், தனக்குத் தானே மண்டையில் குட்டிக்கொண்டு, நீல அட்டை நோட்டில் அவளே எழுதி வைத்தது. நோட்டு வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். நாலு நாளாகக் காணவில்லை. புருஷனிடம் கேட்டதற்கு, "எங்கயாவது இருக்கும், நல்லாத் தேடு" என்றார்.

"என் வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க சார்" என்றாள். "இவளுக்காகப் பாக்கச் சொல்லி என்னைத் தினமும் அனுப்பினதே அவர்தான்."

டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார். டிப்போவின் சுத்தியல் சத்தம் அறைக்குள் வந்தது. டாக்டர் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்.

"நான் வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்கறவன் சார். அவங்க ஆபீஸ் சமாசாரம் எனக்கென்ன தெரியும்?"

"என்னங்க," என்றாள் அண்ணி, "நான் இங்கதான் இருக்கேன்."

போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நேரம் ஆகவில்லை. ஆள்மாறாட்டம், ஒப்புக்கொண்டிருக்கிறார், சான்றிதழ் இன்றோடு ரத்து. நாத்தனாருக்கு இரண்டு மாதத்தில் வகுப்புகளை முடிக்க அறிவுரை. தலைமைப் பதிவாளர் பதவிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணி சாவியை மேஜையில் வைத்தாள். டாக்டர் அதை நாத்தனார் பக்கம் நகர்த்தினார்.

பை, டிபன் டப்பா, குடை எல்லாம் பதிவேட்டு அறையில் இருந்தன. நாத்தனார் திறந்து உள்ளே போனாள். பழக்க தோஷத்தில் அண்ணியும் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க வரக்கூடாது" என்றாள் நாத்தனார், கிட்டத்தட்ட அன்பாக. பையை எடுத்து வந்து நீட்டினாள். மேலேயே நீல அட்டை நோட்டு இருந்தது. "அண்ணன் திருப்பிக் குடுத்துடச் சொன்னாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசறேன்."

"யார் வீட்டுக்கு?"

நாத்தனார் கதவில் கை வைத்தாள். அண்ணி வாசலைத் தாண்டினாள். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: 'வெளியேறுபவர் பின்னால் உடனே பூட்டவும்.' ஒன்பது வருஷத்துக்கு முன் அவளே எழுதி ஒட்டியது. நாத்தனார் ஒருநாளும் அதை மதித்ததில்லை, எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறாள்.

அன்று மதித்தாள். கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்று சுற்றியது.