பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரி

அந்த வீட்டில் சர்க்கரை பாட்டிலைத் தொடுவது தபீதாள் ஒருத்திதான், அதுவும் காலைக் காபிக்கு ஒரு ஸ்பூன். கணவர் ஜெபசீலனுக்குச் சர்க்கரை வியாதி. இடது கால் கட்டைவிரலில் வந்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை. இனியும் இனிப்பு தின்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்படியும் பாட்டிலில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போனது.

எறும்புக்கு இவ்வளவு பெரிய வயிறு கிடையாது. இருபது வருஷமாகப் பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளைகளைப் பிடித்த டீச்சர் அவள். கண் சும்மா இருக்குமா? புண்ணுக்குக் கட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, சர்க்கரை நின்ற மட்டத்தில் பாட்டிலுக்கு வெளியே ஒட்டிவைத்தாள். மூன்றாம் நாள் சர்க்கரை அதற்கு இரண்டு விரல் கீழே நின்றது.

அவளுக்குக் கணவர் மேல் சந்தேகம் வந்தது. கூடவே சமையல் புத்தகங்களின் மேலும். அவளிடம் ஏழு இருந்தன. சில, சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் கிடைத்த பரிசு. மற்றவை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. எதையும் பார்த்து அவள் அடுப்பு பற்றவைத்ததில்லை. இனிப்பு நின்ற பிறகுதான் அவற்றுக்கு வேலை வந்தது. "திங்கத்தான் கூடாது, கேக்கவுமா கூடாது?" என்று ஜெபசீலன் பாவமாகக் கேட்க, சாயங்கால ஜெபம் முடிந்ததும் தினம் ஓர் இனிப்பை உரக்க வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எச்சில் விழுங்குவார். ஆசை அதோடு தீர்ந்துவிடும் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

ஒருவேளை, காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு, கேட்டதையெல்லாம் இந்த மனுஷன் கிண்டித் தின்கிறாரோ?

அன்று கேரட் அல்வா. புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைக் குரல் மாறாமல் சேர்த்து வாசித்தாள்: "இறக்கும்போது அரை ஸ்பூன் ஓமம் போடவும்." ஜெபசீலன் தலையாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்தது. மாலையில் வந்து அவருடைய பேன்ட்டைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்த கைக்குட்டையில் நெய்க்கறை. அதில் இரண்டு ஓமம். ஓடிப்போய் ஓம டப்பாவைத் திறந்தாள். புதுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

அப்படியானால் செய்தது வேறொருத்தி. யாருக்குத் தெரியும் அந்த ஓமம்? தபீதாள் நிமிர்ந்து பார்த்தாள். மாடம்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்தது ஓட்டு வீட்டின் பாதி. மறுபாதியில் வீட்டுக்காரி கங்கையம்மாள். நடுச்சுவர் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது.

கங்கையம்மாள் கொஞ்ச நாளாகத் தன்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது இதற்குத்தானா? வாடகையை ஏற்றப்போகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போன தபீதாள், இப்போது விடுவிடுவென்று அவள் வாசலில் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்க இனிப்பு குடுக்கிறீங்களா?"

"சாருக்கா? ஐய, நான் உனுக்கில்ல குட்தனுப்பறேன் டீச்சர்!" கங்கையம்மாள் பதறினாள். "எனுக்குப் படிக்கத் தெரியாது. நீ படிக்கிறது சொவுத்துக்கு இந்தாண்ட தெளிவா கேக்குது. அத்த வச்சிதான் செய்றேன். சொல்லிக்குட்த்தவங்களுக்கு மொதல்ல குடுக்காம துன்னலாமா? நான் எயுந்து கிண்டி முடிக்கறதுக்குள்ள நீ பஸ்ஸுக்குப் போய்டற. சார் கையில தட்டக் குட்பேன். நீ சக்கர போட்டுத் திருப்பி அனுப்புவியே! ஆனா ஒண்ணு டீச்சர், அல்வாக்கு ஓமம் நல்லால்ல."

வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்பதில் மட்டும் ஜெபசீலன் நாணயஸ்தர். தபீதாளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் வாயாலேயே அவருக்கு ஊட்டியிருக்கிறாள். கங்கையம்மாளிடம் புண்ணைப் பற்றிச் சொன்னாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று ஜெபம் முடிந்தது. ஜெபசீலன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, அவள் பைபிளை மூடிவிட்டு எழப்போனாள். சுவருக்கு அப்பாலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "டீச்சர், இன்னிக்கு இல்லியா?"

தபீதாள் புத்தகத்தை எடுத்தாள். இதுவரை புரட்டாத பின்பக்கங்களில் பாகற்காய் இருந்தது. வாசித்தாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் கங்கையம்மாளே தட்டோடு வந்தாள். பாகற்காய் வறுவல். தபீதாள் ஒரு துண்டைக் கடித்து, இனிப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று நாக்கைப் புரட்டிப் பார்த்த பிறகே கணவருக்கு வைத்தாள். தட்டைக் கழுவித் துடைத்தாள். பிறகு சர்க்கரை பாட்டிலை அதன் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசி மணி விழும்வரை தட்டினாள். ஜெபசீலன் வழக்கம்போல் எழுந்து கை நீட்டினார்.

"நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, குவிந்த தட்டை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.