அமெரிக்கக் கை

தியென்-ஃபாவுக்குக் கை சும்மா இருக்காது. அடுப்பில் யுன்-ஜூ மீனைத் திருப்பிக்கொண்டிருந்தால் வந்து கரண்டியைப் பிடுங்குவான். வேலை இடத்தில் அவள் கலவை குழைத்தால் இரண்டு புரட்டு பார்த்துக்கொண்டிருப்பான், மூன்றாவது புரட்டுக்கு மண்வெட்டி அவன் கைக்குப் போயிருக்கும். அவன் டைல்ஸ் பதிக்கிற கொத்தனார். அவள் அவனுக்குச் சித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே கட்டிடத்தில்தான் இரண்டு பேருக்கும் வேலை. "கொடு இங்க" என்பதுதான் அவன் வாயில் அதிகம் வருகிற வார்த்தை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு எதற்குச் சிரமம் என்றுதான் பிடுங்குவான். அதனாலேயே அவளால் ஒரு நாளும் சண்டை போட முடிந்ததில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தா-ஆன் ஆற்று மணல் மேட்டில், அந்தக் கை அவள் இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தது.

இங்கே பறக்கவிட வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது முதல் தடவையாகத் தன் ரிமோட் ஹெலிகாப்டரை வானத்தில் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தப் போகிறார்கள் என்றால், கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். யந்திரம் தறிகெட்டால் ரிமோட்டை வாங்கிச் சமாளித்து இறக்கித் தருவார். காவல் நிற்பது என்று சொல்வார்கள். இந்த மேட்டில் தியென்-ஃபாவை விடக் கைதேர்ந்தவன் கிடையாது. அவள் கேட்காமலே வந்து நின்றுவிட்டான்.

அவனிடம் சொல்லவேண்டிய ஒன்றை அவள் சொல்லவில்லை.

ரிமோட்டில் இரண்டு குச்சி, ஓட்ட இரண்டு விதம். ஜப்பான் கை என்றால் யந்திரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் வலது கட்டைவிரல். அமெரிக்கக் கை என்றால் அது இடது கட்டைவிரல், மூக்கை முன்னால் பின்னால் சாய்ப்பதுதான் வலது. ரிமோட்டுக்குள்ளே மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு கையில் பழகியவனிடம் மற்ற கையைக் கொடுத்தால், ஏற்றுவதாக நினைத்துக் கவிழ்ப்பான். தியென்-ஃபா ஜப்பான் கை. மேட்டில் எல்லோருமே ஜப்பான் கைதான். யுன்-ஜூ மட்டும் அமெரிக்கக் கை.

தெரிந்தேதான் வைத்தாள். முதலில் அவனுடைய பழைய ஹெலிகாப்டரில்தான் பழகினாள். அது கொஞ்சம் ஆடினாலே போதும், "கொடு இங்க" என்று பிடுங்கிவிடுவான். யந்திரம் பிழைக்கும். ஆனால் அது எப்படிப் பிழைத்தது என்று அவள் விரலுக்குத் தெரியாது. சொந்தமாக ஒன்று பூட்டிக்கொள்ள நகரத்துக் கடைக்குப் போனபோது, கடைக்காரி கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் எந்தக் கை?"

"ஜப்பான் கை. எதுக்குக் கேக்குற?"

"அப்ப உங்களுக்கு அமெரிக்கக் கை வெச்சிடவா? பிடுங்கினாலும் அந்த மனுசனால ஒண்ணும் பண்ண முடியாது."

இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் மழைக்காலம் முழுக்க, கம்ப்யூட்டர் திரையில் பறக்கிற பொய் ஹெலிகாப்டரை வைத்து, அந்தக் கையிலேயே பழகினாள். சிமெண்டு தின்று வெடித்த கட்டைவிரல்கள் மெல்ல மெல்லத் திருந்தின. மழை விட்டதும் மேட்டின் கோடியில், நாணல் ஓரமாக, ஆள் கண்ணில் படாமல் நேராக நிறுத்திப் பழகினாள். அதற்கெல்லாம் யாரும் காவலுக்கு வருவதில்லை. 'இன்னைக்கு ராத்திரி சொல்லிடலாம்' என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். சொன்னால் "கிறுக்கா உனக்கு? மாத்திட்டு வா" என்பான். மாற்றினால் பழகியதெல்லாம் போச்சு. தள்ளிக்கொண்டே வந்து, இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறாள்.

காலையில் அவள் யந்திரத்தை அவன் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தான். திருகாணிகளை முறுக்கிப் பார்த்தான், இறக்கைகளை ஆட்டிப் பார்த்தான். ரிமோட்டைப் பார்க்கவில்லை. ஏற்றி இறக்குகிற குச்சி மட்டும் விட்ட இடத்தில் தளர்ந்து கிடக்கும்; அது எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான்.

"அண்ணி, கவுத்தப் போறியா, கவுந்து விழப் போறியா?" என்று பின்னாலிருந்து கத்தினான் லாய். சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவன். மடக்கு நாற்காலியில் சாய்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தான்.

"வாய மூடுடா. நீ போன மாசம் நாணலுக்குள்ள போட்டுட்டுத் தேடுனது மறந்துபோச்சா?" என்றாள் அவள்.

"அது நானாத்தான் இறக்குனேன்!"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆற்று நடுவில், மணலில், தர்ப்பூசணிக் கொடி படர்ந்து கிடந்தது. ஒரு கிழவரும் அவர் பெண்டாட்டியும் குனிந்து காய்களைப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய நீலச் சிறுலாரி. தூரம்தான். ஆனால் இந்த யந்திரத்துக்கு அது ஒரு தூரமே இல்லை. இறக்கை சுற்றுகிற வேகத்தில் ஒரு மனுசத் தலை குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று மேட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

இப்பவே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"என்னா நிக்கிற? தூக்கு. நான்தான் இருக்கேன்ல" என்றான் தியென்-ஃபா.

அவள் தூக்கிவிட்டாள்.

யந்திரம் இரைந்துகொண்டு மேலே போனது. எல்லோர் கண்ணும் அதன்மேலே. அவள் விரலை யார் பார்க்கப் போகிறார்கள்? தென்னை உயரம் ஏற்றினாள், இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். வால் தன் பக்கம், மூக்கு ஆற்றுப் பக்கம். நிறுத்தினாள். மூச்சை விட்டாள். வலது விரலைப் பக்கவாட்டில் தள்ளி, இடது விரலைக் கீழே இழுத்தாள்.

கவிழ்ந்தது. கால்கள் வானத்தைப் பார்க்க, மண்டை மண்ணைப் பார்க்க, அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அட! நிக்குதுடா!" என்றான் லாய், வாயில் கொய்யாவோடு.

தியென்-ஃபாவின் மூச்சு அவள் காதோரம் கேட்டது. மனுசன் சந்தோசப்படுகிறான் என்று அந்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

அப்போது கடல் பக்கமிருந்து ஆற்றோடு காற்று ஏறியது. யந்திரம் ஒரு பக்கம் தோளைச் சாய்த்து, மெதுவாக விலக ஆரம்பித்தது. நேராக நிற்கிறபோது போகிற யந்திரத்தைக் கிட்டே கூப்பிடக் குச்சியை இழுக்கவேண்டும். தலைகீழாக நிற்கிறபோது தள்ளவேண்டும். மழைக்காலம் முழுக்க இதைத்தான் பழகினாள். பயம் வந்ததும் விரல் அதையெல்லாம் மறந்துபோய் இழுத்தது. யந்திரம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இன்னும் தூரம் போனது. தர்ப்பூசணிக் கொடிப் பக்கம்.

"போகுது" என்றான் தியென்-ஃபா.

அவளுக்கும் தெரிந்தது. இன்னும் இழுத்தாள். கிழவர் நிமிர்ந்து, நெற்றிக்கு மேலே கையை வைத்து, மேலே பார்த்தார்.

"போகுதுடி! கொடு இங்க!"

கை வந்துவிட்டது. அவன் விரல்கள் ரிமோட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டன. அவள் உடம்பு முழுவதையும் திருப்பி, தோளை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே கொடுத்தாள். கண்ணை மட்டும் யந்திரத்திலிருந்து எடுக்கவில்லை.

"தொடாத! அமெரிக்கக் கை!"

"என்னது?"

"இது அமெரிக்கக் கைய்யா! நீ தொட்டா அவங்க மேல போயிடும்!"

நெருப்பைத் தொட்டவன் மாதிரி அவன் கை பின்னால் போனது. லாயின் நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. யாரோ வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்து, "ஐயா! உக்காருங்க! உக்காருங்க!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினார்கள். கிழவர் காது கேட்காதவர்போல அப்படியே நின்றார்.

ஒரு சுவிட்ச் இருக்கிறது. தட்டினால் மோட்டார் நின்றுவிடும், யந்திரம் கல் மாதிரி விழும். அவள் நடுவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. இன்னும் மணல்தான். இப்போது விழுந்தால் யந்திரம் மட்டும்தான் போகும். கொஞ்சம் தாமதித்தால் கொடிக்கு மேலே வந்துவிடும்.

"வலது கைய... இல்ல, உனக்கு எடது... எடது கைய..." தியென்-ஃபாவின் குரல் உடைந்தது. அவன் இப்படித் தடுமாறி அவள் கேட்டதே இல்லை. அவன் சொல்கிற கை அவளுடைய கை இல்லை. அதைக் கேட்டால் அவள் விரலும் குழம்பிவிடும்.

"கையச் சொல்லாத!" என்று கத்தினாள். "அது எங்க போகணும்னு மட்டும் சொல்லு!"

அவன் யந்திரத்தை மட்டும் பார்த்தான். அப்புறம் கலவை கேட்கிற குரலில் சொன்னான்: "கிட்ட."

கிட்ட. தலைகீழாக இருக்கிறது. தள்ளு. வலது விரல் தள்ளியது. யந்திரம் யோசிக்கிற மாதிரி நின்று, வாலை இவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டு பின்னால் வர ஆரம்பித்தது.

"இன்னும் கிட்ட. மேல. மேல போவட்டும், எறங்குது."

இடது விரலைக் கீழே இழுத்தாள். தலைகீழில் அதுவும் எதிர்தான். ஏறியது.

"அப்படியே. சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம். போதும்."

ரிமோட் பீப் அடிக்க ஆரம்பித்தது. பேட்டரி தீரப் போகிறது.

"அது கத்தட்டும், விடு. இன்னும் கிட்ட... மணலுக்கு வந்துடுச்சு. இப்ப நிமித்து."

நிமிர்த்தினாள். பாதியில் யந்திரம் பக்கவாட்டில் சறுக்கித் தொப்பென்று உயரம் இழந்தது. எல்லோரும் குனிந்தார்கள். அவள் குனியவில்லை. இடது விரலை மேலே தள்ளினாள். இறக்கை காற்றை அறைந்து பிடித்துக்கொண்டது. ஆடி ஆடி வந்து, வேகமாகவே மணலில் மோதி உட்கார்ந்தது. ஒரு கால் ஒடிந்து தெறித்தது. சுவிட்சைத் தட்டினாள்.

இறக்கை சுற்றிச் சுற்றி நின்றது. ஆற்றில் கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி காயைப் புரட்டக் குனிந்தார்.

"எப்பலருந்து?" என்றான் தியென்-ஃபா.

"வாங்குனதுலருந்து."

"மழைக்கு முன்னாலருந்தா? நான் இங்க காவல் நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். நான் பிடுங்கியிருந்தா?" அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "அந்த மனுசன் தலையில நான்தானடி இறக்கியிருப்பேன்? என் கையாலதானே?"

"ஆமா" என்றாள். "சொல்லியிருக்கணும். தப்பு."

"ஏன் சொல்லல?"

அவள் தன் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தாள். "சொன்னா இதையும் பிடுங்குவ."

லாய் ஏதோ வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவனே போய் ஒடிந்த காலை மணலில் தேடி எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான். "அண்ணி, இனிமே காவலுக்கு ஆள் வேணும்னா அமெரிக்கக் கை ஆளத்தான் தேடணும்" என்று மட்டும் சொன்னான், மெதுவாக.

சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். தியென்-ஃபா ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான், சாவியை நுழைக்கப் பார்த்தான். சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவது தடவையும் நுழையவில்லை. இறங்கிச் சுற்றி வந்தான்.

"கை நடுங்குது. நீ ஓட்டு."

கரைமேட்டுப் பாதையில் ஓட்டினாள். வளைவில் திடீரென்று ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது, முன்னால் காய்கறிக்கூடை. அவள் பிரேக்கை மிதிப்பதற்குள் அவன் இடது கை ஸ்டியரிங்கை நோக்கிக் கிளம்பிவிட்டது.

பாதி வழியில் நின்றது. அங்கேயே, இருவருக்கும் நடுவில், கொஞ்ச நேரம் தொங்கியது. அப்புறம் மேலே போய், ஜன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டது. ஸ்கூட்டர்காரி எதையும் கவனிக்காமல் போய்விட்டாள்.

கரைமேடு முடிந்து ஊர்ப் பாதை வந்தது.

"எங்க போகணும்னு மட்டும்தான சொல்லணும்?" என்றான் கடைசியில், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"ஆமா."

"சந்தைப் பக்கம் விடு. பசிக்குது."

சரி என்று திருப்பினாள். ஒரு கண் பாதையிலும் ஒரு கண் அந்தப் பிடியிலுமாக ஓட்டினாள். விரல் எலும்புகள் வெளுக்க, அவன் கை இன்னும் அங்கேயேதான் இருந்தது.