ஈரச் சேற்றில் இடது கால்

ஜெரால்டின் தேர்ந்தெடுத்த பாதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று அந்த நடைக்குழுவில் ஒரு பேச்சு உண்டு. ஏற்றம் இருக்காது. வேர் தடுக்காது. பாதி வழியில் உட்கார ஓர் இடமும், தொடங்கும் இடத்தில் கழிவறையும் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் ஆரம்பித்த குழு அது. இப்போது செராஸ், காஜாங் என்று பக்கத்து ஊர் ஆட்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் வேனிலும் காரிலுமாகக் கிளம்பி, எங்காவது கடலோரமாகவோ எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வழியாகவோ நடந்துவிட்டு வருவார்கள்.

"ஜெரால்டின் ரூட்டா? அப்ப என் மாமியாரையும் கூட்டிட்டு வரலாம் லா," என்பார் டொரத்தி அக்கா. அக்காவின் மாமியார் செத்துப் பல வருடம் ஆகிறது.

எல்லோரும் சிரிப்பார்கள். ஜெரால்டினும் சிரிப்பாள். அந்தப் பாதைகளை அவள் தன் காலால் அளந்ததில்லை. கணவர் மார்க்கின் இடது காலால் அளந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் மார்க் குளியலறையில் விழுந்தார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் போயின. முந்தின இரவுதான், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்த கையோடு, அவள் அவரிடம் "நான் போறேன்" என்று சொல்லியிருந்தாள். காஜாங்கில் ஓர் அறை பேசி வைத்திருந்தாள். மார்க் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை. அவளுடைய சின்னக் காரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே அதைச் சொல்கிறவர், அவ்வளவுதான். அந்த வீட்டில் எல்லாமே அவளுக்கு மூன்றாம் நாள்தான் தெரியவரும். போறேன் என்றதற்கும் அவர் செய்தது ஒன்றுதான். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். விடிந்ததும் விழுந்தார்.

விழுந்தவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? மருத்துவமனையில் அவருக்குப் பேச்சு திரும்பியதும் அவள் சொன்னாள்: "நீங்க நல்லா நடக்கிற வரைக்கும் நான் இருக்கேன்." பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மார்க்குக்கு மட்டும் தெரியும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அதன்பின் அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நடந்தார்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு இந்தக் குழுவோடு. குழுவில் கடைசியாக வருகிறவருக்கு 'வால்' என்று பெயர். வால் ஆரஞ்சு நிற வெஸ்ட் போட்டுக்கொள்ள வேண்டும், யாரையும் முந்தக் கூடாது, யாரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது. மார்க்தான் எப்போதும் கடைசி என்பதால் அவருக்குப் பின்னால் நடக்கிற ஜெரால்டினே நிரந்தர வால் ஆனாள். வாரா வாரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மண் மெத்தென்றிருக்கும் இடங்களில் அவர் தடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வலது காலின் முழு அச்சு. இடது கால் இழுபட்ட நீளக் கோடு. வலது அச்சின் அருகே தடி குத்திய வட்டக் குழி. இழுத்து இழுத்து இடது காலணியின் முனை தேய்ந்து போனதால், பிரிக்ஃபீல்ட்ஸில் செருப்புத் தைப்பவர் பழைய டயரில் ஒரு துண்டை வெட்டி அங்கே ஒட்டிக் கொடுத்திருந்தார். கோடு தொடங்கும் இடத்தில் அந்த டயரின் வரிகள் தெரியும். கண்ணை மூடினாலும் அவளுக்கு அந்தத் தடம் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காப்பார் ஊரைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வந்திருந்தார்கள். கடல்நீர் தோட்டத்துக்குள் வராமலிருக்க எழுப்பிய மண்கரை. ஒரு பக்கம் வாய்க்காலும் செம்பனையும், மறுபக்கம் கண்டல் மரங்களும் சேறும். தூரத்தில் துறைமுகத்தின் பளுதூக்கிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. மதகுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. மார்க் அதில் உட்கார்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இங்கயே இருக்கேன். கால் முடியல."

"அப்ப நானும்..." என்று அவள் தொடங்குவதற்குள் டொரத்தி அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"நீ வா ஜெரால்டின். அவர என்ன, கொக்கா கொத்திட்டுப் போயிரும்? முனை வரைக்கும் போயிட்டு வந்துரலாம்."

முன்னால் கன்னையா அண்ணன் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, பறவைகளுக்காக எல்லோரையும் "ஷ்ஷ்" என்று அடக்கியபடி போனார். பறவை இல்லாத இடத்திலும் அடக்கினார். ஜெரால்டின் வேகமாக நடந்தாள். முழங்கால் மடங்கி நிமிர்வதே புதிதாக இருந்தது. முனையில் காற்று பலமாக அடித்தது. தண்ணீர் வெகுதூரம் வற்றியிருந்தது. ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் சேற்றில் அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கு அங்கே இன்னும் நிற்க ஆசையாக இருந்தது. ஆனாலும் பெஞ்சின் நினைவு வந்துவிட்டது.

"நான் முன்னாடி போறேன். நீங்க மெதுவா வாங்க."

திரும்பும்போது கரையின் மேல் வழியாகப் போகாமல் கீழே இறங்கினாள். மீன்பிடிக்கிறவர்கள் போகும் ஒற்றையடிப் பாதை அங்கே இருந்தது. தண்ணீர் வற்றிய நேரத்தில் அது குழுவுக்கு ஆகுமா என்று பார்க்க நினைத்தாள். வழி பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. பாதை நன்றாகத்தான் இருந்தது. பெஞ்சுக்குக் கீழே வந்தபோது சேற்றில் ஒரு தடம் குறுக்கிட்டது. யாரோ கரையிலிருந்து இறங்கி, கடலைப் பார்க்கப் போய்த் திரும்பியிருந்தார்கள்.

தாண்டிப் போக இருந்தவள் நின்றாள்.

இடது அச்சின் முனையில் டயரின் வரிகள்.

குனிந்து பார்த்தாள். கோடு இல்லை. குழி இல்லை. வலதும் இடதும் மாறி மாறி, ஒரே அளவு இடைவெளியில், சுத்தமாகப் பதிந்திருந்தன. நடுவில் சின்ன ஓடை ஒன்று வந்தது. தடம் அதன் கரையில் நின்று, மறுகரையில் தொடர்ந்தது. தாண்டியிருக்கிறார். தாண்டி இடது காலில் இறங்கியிருக்கிறார். குதிகால் ஆழமாகப் புதைந்திருந்தது. அதற்கு அப்பால், கண்டல் மரங்கள் முடியும் இடத்தில், இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். அந்த அச்சுகளில் மட்டும் தண்ணீர் ஊறியிருந்தது.

அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஓடையில் தண்ணீரின் போக்கு மாறியிருந்தது. கடல் உள்ளே வரத் தொடங்கியிருந்தது.

அவள் மேலே ஏறி வந்தபோது மார்க் முன்பிருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலணிகளைப் புல்லில் துடைத்திருந்தார். விளிம்பில் மட்டும் சாம்பல் நிறச் சேறு காயாமல் ஒட்டியிருந்தது.

"சீக்கிரமா வந்துட்ட."

"கீழ் வழியா வந்தேன்."

அவர் தடியை ஒருமுறை உருட்டினார். அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மதகின் இரும்புப் பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது.

"தண்ணி ஏறுது," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ ஒண்ணும் தெரியாது."

"ம்."

"நான் பாத்துட்டேன்."

ஒரு கப்பல் இருந்த இடத்திலிருந்து அசையாதது போல அசைந்து, ஒரு மரத்தின் பின்னால் மறைந்து, மறுபக்கம் வந்தது.

"எவ்வளவு நாளான்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா? மூணாம் நாள் சொல்வீங்க."

அவர் முகம் சிரிக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டது.

"நடந்து காட்டுனா நீ போயிருவ."

"ஆமா."

"அதான்."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன மிக நீளமான விளக்கம் அதுவாகத்தான் இருக்கும். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் களைப்பு வந்தது. வீட்டில் அவள் பார்க்காதபோதும் அந்தக் கால் இழுபடும் சத்தம் கேட்டதே? அவள் அடுத்த அறையில் இருக்கிறாள் என்பதற்காகவே இழுத்தாரா? அவள் அவர் பின்னால் மெதுவாக நடந்தாள். அவள் பின்னால் வருகிறாள் என்று அவர் மெதுவாக நடந்தார். யார் யாரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று யோசித்தால் தலை சுற்றியது.

பேச்சுச் சத்தம் நெருங்கியது.

"என்ன மார்க், பெஞ்சுல வேர் விட்டுருச்சா?" டொரத்தி அக்காதான்.

ஜெரால்டின் எழுந்தாள். ஆரஞ்சு வெஸ்ட்டைக் கழற்றினாள். கார் சாவியை அதன் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க வால்."

"ஐயோ, அவரா! நாம வீடு போய்ச் சேர விடிஞ்சிரும் லா," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மார்க் கை நீட்டி வெஸ்ட்டை வாங்கினார். இடது கை. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அவள் முன்னால் நடந்தாள். பின்னால் வெகுதூரத்துக்கு அந்தச் சத்தம் வந்தது. இழுப்பு, தடி. இழுப்பு, தடி. எவ்வளவு வேகமாக நடந்தாலும் அது காதை விட்டுப் போகவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். செம்பனை வரிசை முடியும் வளைவில் சத்தம் நின்றது. அவளும் கிட்டத்தட்ட நின்றுவிட்டாள். பிறகு வெறும் காலடி கேட்டது. ஒரே சீரான காலடி.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது முதலில் பார்த்தது கன்னையா அண்ணன்தான்.

"டேய் மார்க்கு, தடிய அக்குள்ல வச்சிருக்க!"

எல்லோரும் திரும்பினார்கள். மார்க் அவர்கள் முன்னால் நின்றார். வெஸ்ட்டின் பட்டியைச் சரிசெய்துகொண்டார். டொரத்தி அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவந்து ஜெரால்டினைக் கட்டிப்பிடித்தார்.

"மாதா கண்ணத் தொறந்துட்டாங்க! உன் பாடு வீண் போகல பாத்தியா? இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்?"

கை தட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அக்காவின் தோளுக்கு மேல் ஜெரால்டின் மார்க்கைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் திட்டமிட்டிருக்க மாட்டார் என்று நினைத்தாள். ஆனால் திட்டமிட்டிருந்தாலும் இதைவிட நன்றாக அவளைக் கட்டிப்போட்டிருக்க முடியாது.

"நான் அக்கா வேன்ல வரேன்," என்றாள். பிறகு, வாய் சும்மா இருக்காமல், "அண்ணே, நீங்க அவருகூட வர்றீங்களா? ரொம்ப நாளாச்சு அவரு ஓட்டி," என்று கன்னையாவிடம் கேட்டாள். கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வேனில் முன்னிருக்கையில் அவளை உட்கார வைத்து அக்காவே ஓட்டினார். வழி முழுக்கப் பேச்சு. நன்றிப் பூசைக்கு ஃபாதரிடம் சொல்ல வேண்டும், நாசி பிரியாணி சமைக்க ஆள் பிடிக்க வேண்டும், ஜெரால்டின் நீலப் புடவை கட்ட வேண்டும். பக்கக் கண்ணாடியில் அவர்களுடைய வெள்ளைக் கார் வந்துகொண்டே இருந்தது. லோரிகள் குறுக்கே வந்து மறைத்தன. விலகியதும் அது மறுபடி இருந்தது.

கிள்ளானுக்குள் நுழையும் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"நல்லாத்தான் ஓட்டுறாரு உன் வீட்டுக்காரரு," என்றார் அக்கா.

"ஆமாக்கா." அவள் மடியில் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து, மூடினாள். "அக்கா, உங்க வீட்டு மேல் ரூம் காலியாத்தான இருக்கு?"

"இருக்கு. யாருக்கு?"

"எனக்கு."

டொரத்தி அக்கா சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ரேடியோவை அணைத்தார். பச்சை விழுந்தது. வேன் நகரவில்லை.

பின்னாலிருந்து ஹாரன் ஒலித்தது. ஒருமுறை, மெதுவாக. அது யாருடைய கார் என்று கண்ணாடியைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.