மேஜரின் கட்டளை

சிவப்புக் கோட்டின் கடைசிப் பொத்தானைக் கிரிஜா இழுத்துப் பூட்டியபோது யோகேஸ்வரனுக்கு மூச்சு முட்டியது.

"உந்த வெயிலுக்க அவிஞ்சு போகப் போறியள், மேஜர் ஐயா!" என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸ் பூங்காவில் வரலாற்று நாடகம். இருநூறு ஆண்டுகளுக்கும் முன் சிட்னியில் வந்திறங்கிய பிரித்தானியக் கடற்படையின் மரைன் துருப்பின் மேஜர் ஹாலிஸ் வேடம், முதன்முறையாக ஒரு தமிழனுக்கு! தமிழ்ச் சங்கத் தலைவர் ஆனந்தராஜா அலைந்து கேட்டுப் பெற்ற வாய்ப்பு அது. "மேஜரா எங்கட ஆள் நிக்கிறது சின்ன விசயமே?" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஒலிபெருக்கி மேஜரின் வாழ்க்கையை முழங்கியது. பதினைந்து வயதில் படையில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் காயம்பட்டுக் கப்டனானார். சிட்னியில் மேஜரானார். இங்கிலாந்து திரும்பி ஜெனரலாக மறைந்தார். பதவி உயர்ந்தது, பதக்கம் சேர்ந்தது. அவர் ஏறிய படிகளுக்கு அடியில் நசுங்கியவர்கள் யார்? ஒருவரின் பெயரையேனும் அந்த ஒலிபெருக்கி உச்சரித்ததா?

அடுத்தது, ஓடைக்கரையில் குடியிருந்த பூர்வகுடிகளை விரட்ட மேஜர் சுடச்சொல்லும் காட்சி. சுடப்படுவோராக நடிக்க இன்றைய பூர்வகுடிகள் மறுத்துவிட்டார்கள். ஆகவே, வெறும் மரங்களை நோக்கி வெற்று வேட்டு. சிப்பாய் வேடமிட்டவர்களின் ஆறு துப்பாக்கிகள் உயர்ந்தன. மேஜர் சொல்லாமல் ஒரு விசையும் அசையாது.

பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் பூர்வகுடிப் பெண்ணொருத்தி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் துப்பாக்கிகளைப் பார்க்கவில்லை. கட்டளையிடப்போகும் வாயைப் பார்த்தாள். யோகேஸ்வரன் அந்தப் பார்வையைக் கண்டான். வன்னியில், பதுங்குகுழிக்குள் கிடந்த நாள்களில், சுட்டவன் முகத்தை அவன் கண்டதில்லை; சுடச்சொன்ன குரலைக் கேட்டிருக்கிறான். புரியாத மொழியில் வந்த குரல். அந்தக் குரலுக்குத் தன் வாயை வாடகைக்கு விடுவதா? நாடகம்தான் என்றாலும், விடுவதா?

"என்ன ஐசே, வாயுக்க கொழுக்கட்டையே? சொல்லும்!" கயிற்றோரத்திலிருந்து ஆனந்தராஜா சீறினார். "சங்கத்தின்ர மானத்தை வாங்காதையும்!"

"மேஜர் நான்தானே, அண்ணை?" என்றான் யோகேஸ்வரன், திரும்பாமலே. பிறகு, பூங்கா அதிர, ஒத்திகையில் இல்லாத கட்டளையை ஆங்கிலத்தில் இட்டான்: துப்பாக்கிகளைத் தாழ்த்து!

பயிற்சியில் பழகிய கைகள் பணிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து குழல்கள் புல்லை நோக்கித் தாழ்ந்தன. ஆறாவது மட்டும், விறைத்த தோளொன்றின்மேல், மரங்களையே குறிபார்த்து நின்றது. யோகேஸ்வரன் வெறுங்கையை நீட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தான்.