வலக்கரையிலிருந்து ஆறு மீன்கள்

...ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பு என்று நான் சொல்லவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன், கெடாமல் அனுப்பு, எதையும் வெட்டாதே, தலையோடு வாலோடு முழுசாக அனுப்பு, இவ்வளவுதான் சொன்னேன், அதையும் நேராகவா சொன்னேன், பெரியப்பா மகனிடம் சொன்னேன், அவன் கின்ஷாசாவுக்கும் ஆற்றுக்கு எதிர்க்கரையிலிருக்கிற பிரஸாவில்லுக்கும் நடுவே வாரத்துக்கு மூன்று தடவை படகில் துணிமூட்டை கொண்டுபோகிறவன், அவன் காதில் நான் ஓதினேன், அவன் அக்கரையில் என் அக்கா காதில் ஓதினான், அதில் எது விட்டுப்போனதோ, இதோ வந்து கிடக்கிறது என் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில், இலையில் சுற்றி நாரால் கட்டி, ஆறு மீன், புகை போட்ட மீன். கறுத்து மினுமினுத்துக்கொண்டு, வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல். ஆற்று மீன் கெடாமல் இருக்க எங்கள் ஜனம் என்ன செய்யும்? புகை போடும். பச்சைக் குழந்தைக்குத் தெரியும் இது, எனக்குத் தோன்றவில்லை, இந்த லட்சணத்தில் டாக்டர் பட்டம் வேறு. கட்டைப் பிரித்ததும் ஆய்வுக்கூடக் காப்பாளர் லுகோகி மூக்கை உறிஞ்சினார், "புரொபசரம்மா, இத எங்க வைக்கணும், அலமாரிலயா, சட்டிலயா?" என்றார், முகத்தில் ஒரு சொட்டுச் சிரிப்பு இல்லாமல், அதுதான் அவரிடம் எனக்குக் கடுப்பு. மீனோடு தின்ன மரவள்ளிக் கட்டி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டார். காலையிலிருந்து மின்சாரம் இல்லை, ஜன்னல் வெளிச்சம்தான், அதுவும் மழைக்கு முந்தைய வெளிச்சம், எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியில் வைத்துப் பார்ப்பது போல...

மணி பன்னிரண்டரை, ஐந்துக்குள் பதில் போக வேண்டும். புது மீன் இனம் ஒன்றைக் கண்டேன் என்று நான் எழுதிய கட்டுரையை வாசித்த மதிப்பீட்டாளர், யார் என்று தெரியாது, பெயர் சொல்ல மாட்டார்கள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார், ரொம்ப மரியாதையாக, வலக்கரை மீன்களை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? என் மீன் இடக்கரை மீன், எங்கள் கரை மீன், கின்சூகாவில் ஆறு பாறைகளில் மோதித் தலைகீழாக விழுகிற இடத்தில், கல்லுக்கு அடியில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு வாழ்கிறது, ஒரு சாண் நீளம், ஒல்லி, வெளுத்த உடம்பு, மிளகளவு கண், அந்த இருட்டில் கண் எதற்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் எதிர்க்கரையில் இதே சாடையில் ஒரு மீனைப் பிடித்து, பெயர் வைத்து, புட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிட்டார், துடுப்பு முட்களை எண்ணி எழுதினார், முதுகெலும்பை எண்ணவில்லை, அப்போது யார் எண்ணினார்கள். நான் எண்ணினேன். என் இருபத்திரண்டு மீன்களையும் எக்ஸ்ரே எடுக்கிற சிநேகிதி ஒருத்தி, கால் முறிந்தவர்களுக்கும் கை முறிந்தவர்களுக்கும் நடுவில் படுக்கப்போட்டுப் படமெடுத்துக் கொடுத்தாள், முதுகில் முப்பத்தாறு கணு, நாலைந்தில் முப்பத்தேழு. எதிர்க்கரை மீனுக்கும் முப்பத்தாறு இருந்துவிட்டால் தீர்ந்தது கதை, அதுவும் இதுவும் ஒன்றே, என் புது மீன் பழைய மீன். அக்கரை வேறு நாடு, அங்கே போய்ப் பிடிக்க அனுமதிச் சீட்டுக்கு ஆறு மாதம் ஆகும், அக்கரை ராட்சசப் பாறைகளில் மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் என் அக்காவிடம்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதனால்தான் வேறு வழியில்லாமல்... இல்லை, வேறு வழி இருந்திருக்குமா, நான்தான் தேடவில்லையா?

இரட்டைப் பிள்ளை பிறந்தால் எங்கள் ஜனத்தில் பெயர் தயாராகக் காத்திருக்கும், முதலில் வருவது நிசிம்பா, பின்னால் வருவது நிசூசி, யாரும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அப்படிப்பட்ட ஜனத்தில் நிசூசியாகப் பிறந்துவிட்டு நான் ஒரு மீனுக்குப் பெயர் வைக்க இரண்டு மாதமாக யோசிக்கிறேன். இருபது நிமிஷம் மூத்தவள் என்பதற்காக நிசிம்பாவை யாயா என்றுதான் கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம், கூப்பிட்டேன், அவளும் அந்த இருபது நிமிஷத்தை இருபது வருஷம் மாதிரி வைத்துக்கொண்டு ஆடினாள், என் பங்குப் பாவாடையை அவளே எடுத்துக்கொண்டாள், என் பங்கு அடியையும் அவளே வாங்கினாள், அதையும் சொல்ல வேண்டுமே. கல்யாணமாகி அக்கரைக்குப் போனாள், அப்பா போன பிறகு அம்மாவும் அங்கேயே போய்விட்டாள். கின்சூகா பாறையில் நின்றால் அவர்கள் கரை தெரியும், துணி காயப்போட்டால் நிறம் தெரியும் என்று அம்மா சொல்வாள், பொய்தான், அவ்வளவு கிட்ட இல்லை, ஆனால் நான் பார்ப்பேன், வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, ஏதாவது ஒரு சிவப்பு அசைந்தால் அதுதான் என்று...

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்டில் ஆறு என்றும் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது, அந்தப் பாறைகளுக்குப் போக வருஷத்தில் மூன்று வாரம்தான் கிடைக்கும், பிறகு தண்ணீர் ஏறிவிடும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன், வலையில் முதல் மீன், வெளேரென்று, இதை நான் பார்த்ததே இல்லை, யாருமே பார்த்ததில்லை என்று அந்த நொடியே தெரிந்தது, அப்போதுதான் போன். "அம்மாவுக்கு முடியல, உன்னக் கேக்கறா, வா." நாலு நாள் யாயா, நாலே நாள் என்றேன். ஏன் நாலு? வாய்க்கு வந்த எண். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். இருபத்திரண்டில் பத்தொன்பது மீன் அந்த மூன்று நாளில் கிடைத்ததுதான், குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது, நானே எழுதியது, கையெழுத்துகூடக் கோணவில்லை. துக்க வீட்டுக்குப் போனபோது யாயா வாசலிலேயே நிறுத்தினாள், "கையக் கழுவிட்டு வா" என்றாள். மீனைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் நாற்றம். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன், அத்தனை பேர் பார்க்கக் குனிந்து என் கையை முகர்ந்தாள், "இன்னும் நாறுது. அம்மாவத் தொடாத." தொடவில்லை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஐந்து வருஷம் பேச்சில்லை, ஒரு வார்த்தையில்லை. அந்த மீன் புது மீன் என்றால் நான் ஏதோ ஒன்றுக்காக அந்தத் தண்ணீரில் நின்றேன் என்று ஆகும். இல்லையென்றால்... இல்லையென்றால் எதற்காக நின்றேன்? இதை யாரிடமும் சொன்னதில்லை, லுகோகியிடம்கூட, ஆனால் இந்த ஐந்து வருஷமும் என் நெஞ்சில் கிடந்தது இது ஒன்றுதான்.

சரி, எழுந்திரு நிசூசி, புகை போட்டால் என்ன, தோல் கறுக்கும், செதில் போகும், துடுப்பு ஒடியும், எலும்பு எங்கே போகும்? எலும்பு அப்படியேதான் இருக்கும், மின்சாரமில்லாமல் எக்ஸ்ரே கிடையாது, கையால்தான் எண்ண வேண்டும். இடுக்கியால் சதையை உரித்துப் பார்த்தேன், விறகு மாதிரி இறுகிக் கிடந்தது, இழுத்தால் கணுவோடு வருகிறது, ஒன்று போனாலும் எண்ணிக்கை போச்சு. ஃபிளாஸ்க்கிலிருந்த வெந்நீரில் ஊறவைத்தேன். வாசனை எழுந்தது... அம்மா கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட தட்டு, அதற்கடியில் ஈர விறகு, நாங்கள் இரண்டு பேரும் கண் எரிய எரிய விசிறிக்கொண்டு, தூங்கி விழுந்துகொண்டு, எது அவள் தலை எது என் தலை... எங்கள் வீட்டில் மீன் சாப்பிட்டால் முள் முழுசாகத் தட்டுக்கு வர வேண்டும், தலையிலிருந்து வால்வரை ஒரு துண்டாக, உடைத்தவளுக்கு அடுத்த மீன் கிடையாது. வாய்க்குத் தெரிந்த வேலை இடுக்கிக்குத் தெரியாது. கையை முழங்கைவரை கழுவிவிட்டு, கதவில் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய 'இங்கே சாப்பிடக் கூடாது' என்பதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, முதல் மீனை வாயில் வைத்தேன்.

நாக்கு சதையைத் தள்ளுகிறது, பல் தொடவே கூடாது, உதடு மட்டும், வாலைப் பிடித்து மெல்ல இழுத்தால் வருகிறது, ஈரமாக, பழுப்பாக, ஒரு கணுவும் குறையாமல். ஜன்னலில் பிடித்து ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு... முப்பத்து மூன்று. மறுபடி, வாலிலிருந்து தலைக்கு. முப்பத்து மூன்று. ஒரு மீன் எதையும் நிரூபிக்காது, ஊனமாக இருக்கலாம், இரண்டாவதை எடு. மூன்றாவதன் நடுவில் லுகோகி வந்துவிட்டார், மரவள்ளிக் கட்டியை மேசையில் வைத்துவிட்டு வாயில் வாலோடு உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் முள்ளை எடுத்துத் தானாக எண்ண ஆரம்பித்தார், நான் சொல்லாமலே, நான் எண்ணியது எத்தனை என்று கேட்காமலே, அதுதான் அவர். "முப்பத்து மூணு" என்றார். இரண்டாவது? "முப்பத்து மூணு." மூன்றாவது எனக்கு முப்பத்திரண்டு, அவருக்கும் முப்பத்திரண்டு. நான்காவதை நான் எப்போது எடுத்தேன், எப்போது முடித்தேன் என்றே தெரியவில்லை, வெளியே மழை தொடங்கியிருந்தது, எண்களுக்கு நடுவே ஆறு ஓடிக்கொண்டிருந்தது, இந்தக் கல்லுக்கு அடியில் இவை, அந்தக் கல்லுக்கு அடியில் அவை, நடுவில் யானையையே புரட்டிவிடும் வேகத்தில் தண்ணீர், ஒரு முட்டைகூடத் தாண்ட முடியாது, எத்தனை ஆயிரம் வருஷம், யாரும் யாரையும் விரட்டவில்லை, சண்டையில்லை, வெறும் தண்ணீர், அதற்குள் முதுகில் மூன்று கணு வித்தியாசம்... முப்பத்து மூன்று. லுகோகி ஊசியைக் கீழே வைத்தார், "வேற மீன்தான் புரொபசரம்மா" என்றார். ஒரு மீன் சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம், உங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லி மழையைப் பார்க்கப் போய்விட்டார்.

மடிக்கணினியில் மிச்சமிருந்த கொஞ்ச உயிரில் நான்கு வரி எழுதினேன், வலக்கரை மீன்கள் நான்கு, முதுகெலும்புக் கணுக்கள் முப்பத்திரண்டு முதல் முப்பத்து மூன்று, இடக்கரை மீன்களின் எண்ணிக்கையோடு எங்கும் ஒட்டவில்லை, சேகரித்தவர் நிசிம்பா, பதப்படுத்திய முறை புகை. மதிப்பீட்டாளர் சிரிக்கட்டும், எலும்பு பொய் சொல்லாது, படமெடுத்து இணைத்தேன், அனுப்பினேன். மணி மூன்றே முக்கால்தான். அழுகை வரும் என்று நினைத்தேன், குறைந்தது ஒரு பெருமூச்சு, ஐந்து வருஷமாகக் காத்திருந்த தீர்ப்பு, விடுதலை என்று எழுதியிருக்கிறது, நான் கூண்டிலேயே நிற்கிறேன், யார் வந்து கதவைத் திறப்பார்கள் என்று... அவளிடம் சொல்ல வேண்டும், அதுதான், அவள் கேட்டால்தான் இது முடியும். யாயா, அது புது மீன், உலகத்தில் எங்கேயும் இல்லாதது, நான் சும்மா நிற்கவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிவிட்டு ஓடிவருகிறவள் மாதிரி, ஐம்பத்தொரு வயதில். வெட்கமில்லாமல் போனை எடுத்தேன், எண் மறக்கவில்லை, விரலுக்கு நினைவிருந்தது.

மூன்றாவது மணியில் எடுத்தாள். நிசூசி என்றேன். தெரியுது என்றாள். பின்னால் அங்கேயும் மழை, அதே மழைதான், தகரத்தில் விழுகிறது. மீன் வந்து சேர்ந்துவிட்டது யாயா என்றேன், அடுத்த வார்த்தையாக அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தாமல், மூச்சு விடாமல், பழைய நிசிம்பா, நிசூசிக்கு நம்ம ஆத்துக் கல்லுக்கடியில இருக்கற வெளுத்த மீன் வேணுமாம் என்று அண்ணன் வந்து சொன்னானாம், விடிகாலையே பாறைக்குப் போய் நின்றாளாம், பெரிய மீன் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்களாம், இல்லை, அவள் இதைத்தான் கேட்டிருக்கிறாள் என்று சொன்னாளாம், இரண்டு நாள் அடுப்பைவிட்டு நகரவில்லையாம். சோதனைக்கு என்று அவன் சொல்லவே இல்லை. நான் சாப்பாடு கேட்டேன் என்று நினைத்திருக்கிறாள். ஐந்து வருஷம் கழித்துத் தங்கை பசிக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று...

"சாப்பிட்டியா?" என்றாள். நான்கு சாப்பிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் அவள் சிரித்தது கேட்டது. "உப்பு சரியா இருந்துச்சா? போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு நாக்கே செத்துப்போச்சு, ஒண்ணும் தெரியல, குத்துமதிப்பாத்தான் போட்டேன். சொல்லு நிசூசி."

உப்பா? நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தேடினேன், பல்லிடுக்கில் தேடினேன். முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, கேட்டால் எந்தக் கணு எங்கே வளைந்திருந்தது என்றுகூடச் சொல்வேன்... நான்கு மீன் என் வாய் வழியாகப் போயிருக்கிறது, உப்பு இருந்ததா, குறைவா, கரித்ததா, எனக்குத் தெரியவில்லை. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.