அட்ரோபின் காட்டிய ஆள்

ஓலூவின் கண்மணிகள் கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. வாயெல்லாம் நுரை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். தோட்டத்துக் காவலாளி அவனைப் பூ ஏற்றும் வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தபோது மணி பத்து. ஏழாம் பசுமைக்குடிலில் ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனவன், வாசல்வரை தவழ்ந்து வந்து விழுந்திருக்கிறான். மும்புவா அவன் துணியைக் கத்தரித்து எறிந்து, சோப்புப் போட்டுக் கழுவி, விஷமுறிவு மருந்தான அட்ரோபினை நரம்பில் ஏற்றத் தொடங்கினாள்.

நைவாஷா ஏரிக்கரையில் அந்தத் தோட்டத்து மருந்தகத்துக்குப் பதினோரு வருஷமாக டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் அவள்தான். ஆம்புலன்ஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். அதுவரை இந்த உயிர் அவள் கையில்.

"ஜோடியாத்தானே மருந்தடிக்கப் போகணும்? கூடப் போனது யாரு?"

"பராசாதான்," என்றார் மேற்பார்வையாளர் கச்சாஞ்சா. "அதோ வாசல்ல நிக்கிறான் பாரு. அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

பராசா சர்ச்சுக்குப் போகும் கோட்டோடு நின்றான். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, நான் முன்னாடியே வெளிய வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். மருந்தடித்தவன் உடம்பில் சர்ச்சுக் கோட்டு எப்படி வந்தது என்று மும்புவா கேட்டிருக்கலாம். அவள் கண் சொட்டுக் குழாயில் இருந்தது.

அரைமணியில் கண்மணிகள் விரிந்தன, நெஞ்சு காய்ந்தது. அப்புறம் ஓலூ பேச ஆரம்பித்தான்.

"தலையைத் தூக்குடா. தண்ணி ஏறுது, தூக்கு."

அவன் விரல்கள் காற்றில் இல்லாத நூலைப் பிய்த்தன. கண்கள் கட்டிலின் கால்மாட்டில் யாரையோ பார்த்தன. அங்கே சுவர்தான் இருந்தது.

"யாரு நிக்கிறாங்க ஓலூ?"

"மஞ்சக் கோட்டு போட்டவன். சொட்டச் சொட்ட நிக்கிறான், பாவம். உக்காரச் சொல்லுங்க."

மும்புவாவுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. ஆனால் அவளுக்குக் காரணம் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனத்தைப் பூச்சிமருந்து கட்டுக்கடங்காமல் பெருக்கிவிடும். அட்ரோபின் அதன் வாயை அடைக்கும். உயிர் பிழைப்பது அதனால்தான். ஆனால் அதே ரசாயனம்தான் மூளையின் பின்கட்டில், பார்வை பிறக்கிற இடத்தில், இது கண் கொண்டுவந்தது, இது உள்ளே கிடந்த பழசு என்று பிரித்துக் கொடுக்கிறது. அதை அதிகமாக அடைத்தால் வாசலும் உள்ளறையும் ஒன்றாகிவிடும். நினைவில் இருப்பவர்கள் எதிரே வந்து நிற்பார்கள்.

போன வருஷம் இப்படித்தான் ஒரு நோயாளி, அணையில் குழந்தை விழுந்துவிட்டது என்று அலறினான். அவள் நம்பினாள். நாற்பது பேர் அரைநாள் அணையைத் துழாவினார்கள். கிடைத்தது ஒரு செருப்பு. அதிலிருந்து கச்சாஞ்சா வாய்க்கு அவள்தான் அவல்.

"என்ன டாக்டரம்மா, இன்னிக்கு உங்க மருந்து என்ன படம் காட்டுது?" என்று அவர் இப்போதும் சிரித்தார். "ஆளைக் கூப்பிடவா, அணையைத் துழாவ?"

சூடு கண்ட பூனை. 'ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பார்க்கிறான். மருந்தின் விளைவு' என்று நோயாளிச் சீட்டில் எழுதினாள். சொட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். இருபது நிமிஷத்தில் ஓலூவின் விரல்கள் ஓய்ந்தன. கால்மாட்டைப் பார்த்து மலங்க விழித்தான்.

"எங்க போயிட்டான்?" என்று குழந்தைமாதிரி கேட்டான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

மேலும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடியும் நெஞ்சு களகளத்தது, கடைவாயில் எச்சில் வழிந்தது. பயந்துபோய்ச் சொட்டை முழுவேகத்தில் திறந்துவிட்டாள்.

"வந்துட்டியா!" என்று ஓலூ கால்மாட்டைப் பார்த்துக் கத்தினான். "குழாயைப் பிடி! விடாதே பராசா, பிடி!"

வாசலில் நின்ற பராசா உள்ளே ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். "டேய், நான் இங்கதான்டா இருக்கேன். பாரு, எனக்கு ஒண்ணுமில்ல."

ஓலூ அவனை மேலும் கீழும் பார்த்தான். இந்தப் பார்வையில் தடுமாற்றமே இல்லை.

"நீ இல்ல. உன் பேர் எழுதின கோட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன்."

பராசாவின் போன் கைநழுவித் தரையில் விழுந்தது. அவனும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கண்ணன் சிடுமா... இன்னிக்குப் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். லீவு கேட்டா சீட்டைக் கிழிச்சிடுவாங்கன்னு மருந்தடிக்கிற என் மஞ்சக் கோட்டைப் போட்டு அவரை அனுப்பிட்டேன். ஓலூ விழுந்துட்டான்னு கேட்டுத்தான் சர்ச்சுலேர்ந்து ஓடிவந்தேன். அண்ணன் முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்னுதான் நெனச்சேன். போனை எடுக்கவே மாட்டேங்கிறார் டாக்டரம்மா!"

கச்சாஞ்சாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நாளைக் காலைவரை ஏழாம் குடில் பக்கம் ஈ காக்காய்கூடப் போகாது. பத்தரைக்கு ரோஜாப் பாத்திக்குத் தண்ணீர் தானாகத் திறந்துகொள்ளும். மிச்சமெல்லாம் பின்புற வடிகாலில் போய் நிரம்பும். இப்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அவரும் பராசாவும் காவலாளியும் தலைதெறிக்க ஓடினார்கள்.

மும்புவா தனியாக இருந்தாள். ஓலூ நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தான்: தலையைத் தூக்கு, குழாயைப் பிடி, இதோ வந்துட்டாங்க. இந்த முறை அவள் சொட்டைத் தொடவில்லை. கால்மாட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சிடுமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. வடிகாலுக்குள் கழுத்தளவு தண்ணீரில், சுவரோரத்துக் குழாயை ஒரு கையால் பிடித்தபடி கிடந்தானாம். விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். மும்புவா மஞ்சள் கோட்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு, அவன் மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். கண்மணி கடுகு. தசையெல்லாம் துடித்தது. மருந்தை ஊசியில் உறிஞ்சினாள்.

சிடுமா அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஓலூ எங்க?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பக்கத்துலயே நின்னு தலையைத் தூக்கு, தலையைத் தூக்குன்னு திட்டிக்கிட்டே இருந்தான். அவன் இல்லேன்னா..."

"பேசாதீங்கண்ணே," என்றாள்.

"நடுவுல மட்டும் கொஞ்ச நேரம் எங்கயோ போயிட்டான். எவ்வளவு கூப்பிட்டும் வரல. அப்பத்தான் கை விட்டுப்போச்சு. ரெண்டு தடவை முழுகினேன்." அவன் மூச்சு வாங்கினான். "ஏன் போனான்?"

அட்ரோபின் ஏறினால் இல்லாதவர்கள் வந்து நிற்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சீட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். மருந்து முழுசாக உள்ளேயே இருந்தது. சிடுமாவுக்கு இன்னும் ஒரு சொட்டுக்கூட ஏற்றவில்லை.