ரங்கெலின் நூல்கள்

மத்தியான மணி அடித்து, பெண்கள் எல்லாரும் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போன பிறகு, குடமிளகாய் கழுவும் மெஷினுக்கு அடியில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ரங்கெல் கட்டிவைத்திருந்த நூல்களில் இரண்டை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். இரண்டு நிமிட வேலை. கை நடுங்கியது என்று சொன்னால் என்னைக் கொஞ்சம் நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். நடுங்கவில்லை. ஈரத்தில் நூல் இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சிரமம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் ரங்கெல் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் பிய்த்து நீட்டிய ரொட்டியையும் உப்புப் பாலாடைக்கட்டியையும் வாங்கித் தின்றேன்.

மரித்சா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் குடமிளகாயையும் தக்காளியையும் வேகவைத்து டப்பாவில் அடைப்பார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள எலக்ட்ரீஷியன்கள் இரண்டே பேர், ரங்கெலும் நானும். அவன் ஐந்தாம் தரம், நான் நான்காம் தரம். வெளியே இருப்பவர்களுக்கு இது ஏதோ பள்ளிக்கூட மார்க் மாதிரி தோன்றும். எங்களுக்கு அதுதான் சோறு. ஐந்தாம் தரக்காரன் எந்தப் பேனலையும் தனியாகத் திறக்கலாம், வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடலாம். நான்காம் தரக்காரன் செய்கிற வேலைக்குக் கீழே இன்னொருத்தன் கையெழுத்து வேண்டும். வருஷா வருஷம் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லி இந்தத் தரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை பதில் தெரியவில்லை. இரண்டாம் தடவை பதில் தெரிந்தது, வாய் வரவில்லை. இரண்டாம் தடவைக்கு முந்தின குளிர்காலம் முழுக்க ரங்கெல்தான் விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டான். அவன் அப்படிப் பொறுமையாக உட்கார்ந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆகஸ்டில் புது முதலாளிகள் வந்தார்கள். எங்களுக்கு மேலே இருந்த இன்ஜினியர் த்ரூமெவா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"சீசன் முடிஞ்சதும் ஒரு எலக்ட்ரீஷியன் போதுமாம். யாருன்னு நான்தான் எழுதிக் கொடுக்கணும்."

யாரை எழுதுவாள் என்பது சுவருக்குக்கூடத் தெரியும். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுகிறவன் ரங்கெல். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. இந்த ஊரில் வேறு தொழிற்சாலை கிடையாது. நான்காம் தரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?

ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ரங்கெலுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்று. மஞ்சள் தெரியும், நீலம் தெரியும், இந்த இரண்டும் மட்டும் அவன் கண்ணுக்கு ஒரே மாதிரி மண் நிறம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேரும்போது, கண் டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "லூபென், அந்தப் புள்ளிப் புஸ்தகத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாதுடா. நீ மொதல்ல போயிட்டு வந்து சொல்லுடா." போய்விட்டு வந்து, வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற எண்களைச் சொன்னேன். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, எழுபத்துநாலு. டாக்டரும் மாறவில்லை, புத்தகமும் மாறவில்லை, பக்கத்தின் வரிசையும் மாறவில்லை. வருஷா வருஷம் அவன் அதையே ஒப்பித்துவிட்டு வந்தான். எனக்கு ஒரு பாட்டில் ராக்கியா சாராயம் வாங்கித் தருவான்.

நிறம் தெரியாதவன் வயரை எப்படி அடையாளம் வைப்பான்? மார்ச் நூலால்தான். மார்ச் ஒன்றாம் தேதி எல்லாரும் எல்லார் கையிலும் கட்டிவிடுகிற அந்தச் சிவப்பு வெள்ளை நூலை, வசந்தத்தில் முதல் நாரையைப் பார்த்ததும் கழற்றிப் பூத்த மரத்தில் கட்டுவதுதானே எங்கள் ஊர் வழக்கம். எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் மட்டும் மரத்துக்குப் பதிலாக ரங்கெலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவன் வயரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டி முடிச்சுப் போடுவான். முதல் வயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. திரும்ப மாட்டும்போது விரலால் தடவிப் பார்த்து மாட்டிவிடுவான், நூலை அப்படியே விட்டுவிடுவான். மெஷினுக்குத் திருஷ்டி கழிக்கிறான் என்று பெண்கள் நினைத்தார்கள். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க, சரியா ஓடுறதில்ல" என்று வெலிச்கா சொல்வாள். அவள்தான் வருஷா வருஷம் மற்றவர்களிடம் வசூல் பண்ணி ஒரு ஜாடி நிறைய நூல் கொண்டுவந்து கொடுப்பவள். ரங்கெல் காது சிவக்கச் சிரிப்பான்.

நான் நூலை மாற்றிக் கட்டிய அன்றைக்கு மிளகாய் கழுவும் மெஷினின் மோட்டாரைப் பழுது பார்த்து மாட்டியிருந்தான். வயரை இணைப்பதுதான் பாக்கி. பச்சையான மூன்றாவதைச் சிவப்பான இரண்டாவதோடு மாற்றினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், வேறொன்றும் ஆகாது. நிறம் தெரிந்த எவனும் முடிச்சும் நிறமும் ஒத்துப்போகவில்லையே என்று உடனே கண்டுபிடித்திருப்பான். சாப்பிட்டு வந்த ரங்கெல் விரலால் தடவினான், மாட்டினான், மூடியைத் திருகினான். முதலாளிகள் அனுப்பிய இரண்டு பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தொட்டியருகே நின்றிருந்தார்கள். த்ரூமெவா அவர்களிடம் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரங்கெல் பொத்தானை அழுத்தினான்.

தொட்டியிலிருந்து மிளகாயைத் தூக்கும் நீளத் திருகு பின்பக்கமாகச் சுற்றியது. மேலே ஏற வேண்டிய மிளகாயும் சேற்றுத் தண்ணீரும் மொத்தமாகத் திரும்பி வந்து, தொட்டி விளிம்பைத் தாண்டி, அந்த இரண்டு பேரின் கோட்டிலும் கொட்டியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ரங்கெல் உடனே நிறுத்திவிட்டான். "ரெண்டு வயர் மாறிப்போச்சு இன்ஜினியரம்மா. அஞ்சு நிமிஷம்."

அது அப்படியே முடிந்திருக்கும். எவனுக்கும் நடப்பதுதான். த்ரூமெவாகூடச் சலித்துக்கொண்டு கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"எது பச்சைன்னு அவனைக் கேளுங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு வயரைப் பார்த்தாள், ரங்கெலைப் பார்த்தாள். கெட்டவள் இல்லை அவள், ஆனால் இரண்டு வெள்ளைக் கோட்டு முன்னால் நிற்கிறாள். மிளகாய் ஓடும் பெல்ட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது என்ன நிறம், ரங்கெல்?"

அவன் மிளகாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, "பச்சை" என்றான். பச்சைதான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. த்ரூமெவா இன்னொன்றை எடுத்தாள்.

"இது?"

"பச்சை."

நன்றாகப் பழுத்த சிவப்பு அது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புப் போதுமாயிருந்தது. பெல்ட்டின் இரண்டு பக்கமும் நாற்பது பெண்கள், காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கியவர்கள், சும்மா கிடைத்த வேடிக்கையை விடுவார்களா? ஒருத்தி மிளகாயைத் தூக்கிக் காட்டினாள், "அண்ணே, இது?" என்று. அடுத்தவள் இரண்டு கையிலும் இரண்டு. "அண்ணே, என் ஸ்கார்ஃப் என்ன கலரு? சரியாச் சொன்னா உங்களுக்கே." ரங்கெல் மரியாதைக்காரன். யார் கேட்டாலும் பதில் சொல்லிப் பழக்கப்பட்டவன். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. சிவப்பு, பச்சை, சிவப்பு என்று, பரீட்சையில் தேறிவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சம் இருப்பவன் மாதிரி சொல்லிக்கொண்டே போனான். வெலிச்கா மட்டும் ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள். தண்ணீர் அவள் பூட்ஸ் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும்" என்றாள் த்ரூமெவா. "பத்தொம்பது வருஷமா கண் டாக்டர் எப்படிப்பா பாஸ் போட்டாரு உனக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். அவன் என் பெயரைச் சொன்னால் என்ன சொல்லி மறுப்பது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் இடுப்பிலிருந்து கழற்றி மூடி மேல் வைத்துவிட்டு, ஈரத் தரையில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து போய்விட்டான்.

அடுத்த வாரமே எனக்குப் பரீட்சை வைத்தார்கள். மூன்று கேள்வியில் ஒன்றுக்குத்தான் சரியாகப் பதில் சொன்னேன். அவர்களுக்கும் வேறு ஆள் இல்லை. ஐந்தாம் தரம் என்று முத்திரை குத்திய அட்டையைச் சட்டைப் பையில், வெளியே கொஞ்சம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்றாள் த்ரூமெவா. "பேனலுக்குள்ள அந்தாளு கட்டி வச்சிருக்கிற குப்பையெல்லாம் எடுத்துடுங்க. பாக்கச் சகிக்கல."

எடுத்தேன். சொன்னதற்கு மேலேயே எடுத்தேன். இரண்டு நாள், ஒவ்வொரு பேனலாகத் திறந்து, கத்தரியை விட்டு நறுக்கு நறுக்கென்று நறுக்கினேன். ஒரு முடிச்சு, ஏழு முடிச்சு, பத்து முடிச்சு, எதையும் எண்ணவில்லை. தக்காளி வாளி ஒன்று நிரம்பிவிட்டது. எனக்குத்தான் கண் இருக்கிறதே, நூல் எதற்கு? அந்த இரண்டு நாளும் ஒரு வயரின் நிறத்தையும் நான் நிதானமாகப் பார்க்கவில்லை.

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை காலையில் மிளகாய்த் தோல் உரிக்கும் டிரம் நின்றுவிட்டது. பேனலைத் திறந்தால் புகை. டெர்மினல் வரிசை முழுக்க உருகி, அதில் மாட்டியிருந்த வயரெல்லாம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று லாரி மிளகாய் கேட்டில் நின்றது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் புது டெர்மினலை எடுத்துவந்து, வயர்களைத் துடைத்து, நிறம் நிறமாகப் பிரிக்க ஆரம்பித்தேன். சிவப்பு பதினொன்று இருந்தது. பச்சை பதினான்கு. மேலே சிவப்பாகப் போகிற வயர், நடுவில் ஒட்டுப் போட்டு, கீழே பச்சையாக இறங்கியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஸ்டோரில் எந்த நிற வயர்ச் சுருள் இருந்ததோ அதையே வாங்கிப் போட்டிருக்கிறான் ரங்கெல். அவனுக்கு எல்லாம் ஒன்றுதானே. வரைபடம் எல்லாம் பழைய முதலாளி போனபோதே போய்விட்டது. இந்தப் பேனல் எப்படி ஓடுகிறது என்பது அந்த முடிச்சுகளில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு வயராக அளந்து கண்டுபிடிக்கலாம், எனக்குத் தெரிந்த வேகத்தில் நான்கைந்து நாள் ஆகும். மற்ற பேனல்களிலும் இதே கதைதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பெண்கள் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெலிச்கா மெதுவாக எழுந்து போய், அந்தத் தக்காளி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலருகே வைத்தாள்.

"எல்லாம் இதுலதான் இருக்கு. பாத்து மாட்டுங்க" என்றாள்.

ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

த்ரூமெவா ரங்கெலுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. "நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் என்னிடம். "வெறுங்கையோட வந்தீங்கன்னா, அந்த அட்டையை என் மேசை மேல வச்சிட்டுப் போயிடுங்க."

ரங்கெல் தன் வீட்டுக் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, குளிர்காலத்துக்கு அடைத்துவைக்க மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று மூட்டை மிளகாய், பிரிக்காமல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"நூலத் தடவிப் பாத்தா தெரிஞ்சிடுமேடா" என்றான்.

"வெட்டிட்டேன்."

"டிரம்மோடதா?"

"எல்லாத்தையும்."

அவன் சுட்ட மிளகாயைத் திருப்பிப் போட்டான். என் பையில் ஃபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"ரங்கெல், நீ தொட வேணாம். சட்டப்படி நான்தான் தொடுவேன். நீ பக்கத்துல நின்னு சொன்னாப் போதும். உனக்கு மனப்பாடமா இருக்கும்ல?"

"இருக்கு" என்றான்.

"வர்றியா?"

அவன் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து என் காலடியில் கொட்டினான். இரண்டு காலி பேசின்களைக் காலால் தள்ளி என் முன்னால் வைத்தான்.

"சிவப்பு மட்டும்தான் சுடணும். எனக்கெங்க தெரியுது" என்றான். "உனக்குக் கண்ணு நல்லா இருக்குல்ல. பிரிச்சுக் குடு. மொதல்ல இத முடி."

முடித்தால் வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஃபோன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. சிவப்பை இந்தப் பக்கம் போட்டேன், பச்சையை அந்தப் பக்கம் போட்டேன். சில மிளகாய் பாதி சிவப்பாகவும் பாதி பச்சையாகவும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு மூட்டை இருந்தது.